நாற்பத்தொன்றாம் எண் நாற்காலி

மனுக்கள் பெறும் அலுவலகத்தில் மனுக்கள் பெறப்படும். பெறப்பட்ட மனு பிறகு என்ன ஆயிற்று என்று அறிய விரும்புவோர் அதற்கென்று தனியாக ஒரு மனு கொடுக்கலாம், அதுவும் பெறப்படும். இந்தச் சீரான ஏற்பாட்டில், மூன்றாம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற மனு ஒவ்வொன்றின் தலையிலும் 'பரிசீலனையில் உள்ளது' என்று முத்திரை குத்துவது ஒரு நல்ல மனிதரின் வேலை. பத்தொன்பது வருடமாகக் குத்தி வந்ததால் எல்லோரும் அவரை முத்திரைக்காரர் என்றே அழைத்தார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது.

முத்திரைக்காரருக்கும் சொந்தமாக ஒரு மனு உண்டு. அவருடைய நாற்காலியின் பின்கால் ஒன்று முறிந்து, அந்த இடத்தில் ஒரு செங்கல்லும், அதற்கு மேல் மடித்த பழைய கோப்பு ஒன்றும் முட்டுக் கொடுத்திருந்தன. அப்படியும் அது இடது பக்கம் சாயும். நேராக இருப்பதற்காக அவர் வலது பக்கம் சாய்வார். நாலு வருடம் இப்படிச் சாய்ந்து பழகி, தெருவில் நடக்கும்போதும் சாய்ந்தே நடந்தார். "பக்கத்துல யாரோ ரகசியம் சொல்ல, நீங்க கேட்டுக்கிட்டே போற மாதிரி இருக்குங்க" என்றாள் அவர் மனைவி.

மகள் பிறந்தபோது பத்து நாள் விடுப்பில் போனார். போகும்போது நாற்காலிக்கு நாலு கால் இருந்தது, திரும்பி வந்தபோது மூன்று. அப்போது தலைமை எழுத்தராக இருந்தவர்தான் முதுகில் தட்டி ஆறுதல் சொன்னார். "மரம்தானே தம்பி, எத்தனை நாள் தாங்கும்? ஒரு மனு எழுதிக் கொடு. நானே பரிந்துரை பண்ணி மேலே அனுப்பறேன்." முத்திரைக்காரர் எழுதி, அதன் தலையில் தாமே முத்திரையும் குத்திக் கொடுத்தார். ஆக, மகளுக்கும் மனுவுக்கும் ஒரே வயது. மகள் இதற்குள் நடக்கவும் பேசவும் சண்டை போடவும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

குடியிருந்தது மூன்றாவது மாடியில். சாயங்காலம் அவர் வரும் நேரத்துக்கு மகள் படிக்கட்டின் அடியில் வந்து நின்று, இரண்டு கையையும் மேலே நீட்டி, "தூக்கு" என்பாள். அவரால் தூக்க முடியாது. முதுகில் பளீரென்று பிடித்துக்கொள்ளும். மனைவி இறங்கி வந்து தூக்கிக்கொண்டு ஏறுவாள். இவர் சாப்பாட்டுப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போவார். முதுகு வலியை அவர் பொறுத்துக்கொண்டார். அந்த நீட்டிய கையைப் பார்ப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அந்தத் தலைமை எழுத்தர் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. அதாவது, அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அலுவலகத்தின் பார்வையில் இன்னும் போகவில்லை. ஓய்வுபெறுகிறவர் தம் பெயரில் பதிவாகியுள்ள நாற்காலியை நல்ல நிலையில் ஒப்படைத்தால்தான் விடுவிப்பு ஆணை தரப்படும். ஒவ்வொரு நாற்காலிக்கும் அடிப்பலகையில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கும். பதிவேட்டின்படி அவருடையது நாற்பத்தொன்று. அவர் மேஜைக்குப் பின்னால் இருந்ததோ பதினான்கு. அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க யாருக்கும் உத்தரவு இல்லை. நாற்பத்தொன்றை எல்லா அறையிலும், மொட்டை மாடியிலும், கழிப்பறைக்குப் பின்னாலும் தேடினார்கள். பணியில் அமர்ந்திருக்கும் ஊழியரை எழுப்பித் தொந்தரவு செய்யலாகாது என்று விதி இருந்ததால், ஆள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளை மட்டும் பார்க்கவில்லை. கிடைக்கவில்லை. பதினான்காம் எண் 'விவாதத்துக்குரிய பொருள்' என்று அறிவிக்கப்பட்டு, பிளாஸ்டிக் உறை போட்டுக் கயிறு கட்டி அதே மேஜைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டது. முத்திரைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து அது நாலு எட்டு தூரம். நாலு காலும் நன்றாக இருந்தன.

விடுவிக்கப்படாதவர் பெயரை எடுக்க முடியாது என்பதால் அவர் பெயர் ஊழியர் பட்டியலில் ஏழாவதாகவே இருந்தது. ஆள் மட்டும் செவ்வாய்தோறும் பொதுமக்கள் வரிசையில் வந்து நின்று, மூன்றாம் கவுண்டரில் தலையை நீட்டி, "நம்ம ஆணை என்னாச்சு தம்பி?" என்பார். "பரிசீலனையில இருக்குண்ணே" என்பார் முத்திரைக்காரர். அலுவலகத்தில் அவருக்கு மாஜி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் தலைமையகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. 'ஊழியர் என்பவர் வெறும் கையும் கண்ணும் கையொப்பமும் மட்டுமல்லர்; அவர் ஒரு முழு மனிதர் என்பது உயர்மட்டக் குழுவின் ஆய்வில் கண்டறியப்பட்டுள்ளது. எனவே, வரும் முதல் தேதியிலிருந்து அவருடைய உடல், மனம், குடும்பம், உறக்கம், சிரிப்பு ஆகிய அனைத்தின் நலனையும் அலுவலகமே பேணும்.' கண்காணிப்பாளர் இதை நின்றபடி உரக்க வாசித்தார். உடல் என்ற சொல் வந்ததுமே முத்திரைக்காரரின் கண் பதினான்காம் எண் நாற்காலிப் பக்கம் போயிற்று. உடம்பில் முதுகும் சேர்த்தி என்று அவர் கணக்குப் போட்டார்.

முதல் தேதியன்று நல அலுவலர் வந்து சேர்ந்தார். இளைஞர். நல்ல பிள்ளை. யார் என்ன சொன்னாலும் தலையைச் சாய்த்து உருக்கமாகக் கேட்பார். அவர் சுவரில் ஒரு பெரிய அட்டவணையை மாட்டினார். ஊழியர் பட்டியலில் இருந்த பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. காலை பத்து மணிக்கு ஒவ்வொருவரும் தம் பெயருக்கு நேராக ஒரு பொட்டு ஒட்ட வேண்டும். நலம் என்றால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், முடியவில்லை என்றால் சிவப்பு. பதினொரு மணிவரை எதுவும் சொல்லாதவர் நிறைவாக இருப்பதாகக் கொள்ளப்பட்டு, பச்சைப் பொட்டை அலுவலரே ஒட்டிவிடுவார்.

முத்திரைக்காரர் சிவப்பு ஒட்டினார். அரை மணியில் நல அலுவலர் வந்து பக்கத்தில் நின்றார்.

"எங்க சார் வலி?"

"முதுகுல."

"ஏன் வலிக்குதுன்னு எப்பவாவது யோசிச்சுப் பார்த்திருக்கீங்களா?"

"நாற்காலி உடைஞ்சிருக்கு சார்."

"அது வெளிக் காரணம். உள்ளே என்ன காரணம்?"

"உள்ளே செங்கல் இருக்கு."

நல அலுவலர் குனிந்து பார்த்தார். செங்கல் இருந்தது. வருத்தமாகத் தலையை ஆட்டிவிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். எண்பத்து நாலு கேள்விகள். முதுகு மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வலியின் மூலம் எது என்ற கேள்விக்கு இளமைப் பருவம், இல்லறம், எதிர்மறை எண்ணம், இதர என்று நாலு கட்டங்கள். முத்திரைக்காரர் 'இதர' என்பதில் 'நாற்காலி' என்று எழுதினார்.

"இதரவை நாங்க எண்ணிக்கையில சேர்க்கிறதில்ல சார்" என்றார் நல அலுவலர். "இந்த மூணுல மனசுக்குப் பட்டதைச் சொல்லுங்க."

முத்திரைக்காரர் மென்று விழுங்கி, இருப்பதிலேயே யார் மனதையும் புண்படுத்தாது என்று இளமைப் பருவத்தில் கோடு போட்டார். அவருடைய இளமையைச் சரிசெய்ய, காலை பதினொரு மணிக்குச் சிரிப்புப் பயிற்சியும், மாலை மூன்று மணிக்கு மூச்சுப் பயிற்சியும் விதிக்கப்பட்டன. இரண்டு வேளையும் கவுண்டர் மூடப்படும். வரிசை வாசல்வரை நீளும். விட்டுப்போனதை ஈடுகட்ட அவர் சாப்பாட்டு வேளையிலும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து குத்தினார். வலி கூடியது. மறுநாளும் சிவப்பு. உடனே பயிற்சி இரட்டிப்பானது.

அடுத்தது குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல அலுவலர் வீட்டுக்கே வந்துவிட்டார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, மனைவியிடம் இதமாகக் கேட்டார்.

"வீட்ல சார் எப்படிம்மா?"

"வீட்ல இருக்கற அன்னிக்கு நல்லாத்தான் இருக்கார். ஆபீஸ் போயிட்டு வந்தாத்தான் இப்படி."

"ஆபீஸ் மேல உங்களுக்கு ஏதாவது வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம்? ஒரு நாற்காலி கொடுத்தா சரியாப்போயிடும். நீங்க உக்கார்ந்திருக்கீங்களே, இந்த மாதிரி ஒண்ணு இருந்தாக்கூடப் போதும். வேணும்னா இதையே எடுத்துக்கிட்டுப் போங்க."

"வெளிப் பொருளை உள்ளே அனுமதிக்க மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டு நல அலுவலர் எழுதிக்கொண்டார்: 'இல்லத்தரசிக்கு அலுவலகத்தின் பால் நம்பிக்கை குறைவு, இதுவே கணவரின் முதுகில் வெளிப்படுகிறது.' அதன்பின் அவளுக்கும் ஒரு படிவம் வர ஆரம்பித்தது. அவள் அதை நாலாய் மடித்து, ஆடும் அலமாரிக்கு முட்டுக் கொடுத்தாள்.

மூன்று மாதம் போயிற்று. கண்காணிப்பாளர் முத்திரைக்காரரை அழைத்தார். "ஏம்ப்பா, பிரிவு முழுக்கப் பச்சை. நீ ஒருத்தன் மட்டும் சிவப்பு. மேலே இருந்து கேக்கறாங்க. பச்சை ஒட்டிட்டுப் போயேன்."

"பச்சை ஒட்டினா, உனக்குத்தான் வலி இல்லையே, நாற்காலி எதுக்குன்னு கேப்பாங்க சார்."

"சிவப்பு ஒட்டினா மட்டும் கொடுத்தாங்களா?"

 முத்திரைக்காரர் அன்றிலிருந்து மஞ்சள் ஒட்டினார்.

ஆனால் அட்டவணையில் ஒரே ஒரு பெயருக்கு நேராக, திட்டம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு மஞ்சள்கூட இல்லை. தொண்ணூறு நாளும் பச்சை. அது ஏழாவது பெயர். அவர் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லையாதலால், நல அலுவலர் தினமும் பதினொரு மணிக்குத் தம் கையாலேயே ஒட்டி வந்திருந்தார். அலுவலகத்துக்குப் புதியவரான அவருக்கு ஏழாவது பெயர் யாருடையது என்று தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமையகம் ஏழாம் பெயரை 'நலத்தின் முன்மாதிரி' என்று அறிவித்தது. அவருடைய ரகசியத்தை நேரில் ஆராய மூவர் குழு ஒன்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்து இறங்கியது.

 இரண்டு வருடமாக அந்தப் பெயரோடு பட்டியலில் கையெழுத்துப் போட்டு வருபவர் கண்காணிப்பாளர். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஆகவே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது என்று முடிவு செய்தார். குழுத் தலைவியான அம்மையார் பிளாஸ்டிக் உறை போட்ட நாற்காலிக்கு எதிரில் நின்று கேட்டார்.

"அவர் எங்க?"

"இப்ப சீட்ல இல்ல மேடம்."

"அடிக்கடி இப்படித்தானா?"

"சீட்ல பார்க்கறதே அபூர்வம் மேடம்."

"உடம்புக்கு முடியலைன்னு லீவ் எடுப்பாரா?"

"ரெண்டு வருஷத்துல ஒருநாள் எடுத்ததில்ல."

"டென்ஷன் ஆவாரா? சத்தம் போடுவாரா?"

"இந்த இடத்துலேர்ந்து ஒரு சத்தம் வந்ததில்ல மேடம்."

அம்மையார் பிளாஸ்டிக் உறையை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மடிப்புக்கூட இல்லை. "கடைசியா இந்த நாற்காலியில எப்ப உக்கார்ந்தார்?"

கண்காணிப்பாளர் விரல்விட்டு எண்ணினார். "ரெண்டு வருஷம் இருக்கும்."

குழுவினர் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மையார் கண் கலங்கியது. "நாம எங்கெங்கேயோ தேடினோம். விடை எவ்வளவு எளிமையா இருக்கு பாருங்க" என்றார்.

அந்த நேரத்தில் முன்மாதிரி, மூன்றாம் கவுண்டருக்கு எதிரே வரிசையில் நாலாவது ஆளாக, முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். வெளியே போகும்போது குழு உறுப்பினர் ஒருவர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியவரே" என்றார். மாஜி தள்ளி நின்றார். முத்திரைக்காரர் இதைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கண்காணிப்பாளர் அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு அடுத்த மனுவை வாங்கினார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. 'உட்காருதலே ஊழியர் நோய்களின் மூலம் என்பது முன்மாதிரியின் வாழ்க்கையால் ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளது. எனவே, முழு மனித நலன் கருதி, இவ்வலுவலகத்தின் நாற்காலிகள் அனைத்தும் திரும்பப் பெறப்படுகின்றன. அவை, இத்திட்டத்தின் வெற்றியை விவாதிக்கவுள்ள தலைமையகக் கூட்ட அரங்கில் போடப்படும்.'

லாரி வந்தது. சுமை ஏற்றுகிறவர்கள் நாற்காலிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, எண்ணை உரக்கப் படித்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். முத்திரைக்காரரின் நாற்காலியைக் கவிழ்த்தவர், "நாப்பத்தொண்ணு" என்றார்.

முத்திரைக்காரர் குனிந்து பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பெயின்டில் நாற்பத்தொன்று என்றுதான் இருந்தது.

"சார், தேடின நாற்காலி இதுதான் சார்" என்றார் கண்காணிப்பாளரிடம். "அப்ப அந்தப் பதினாலு என்னோடது. நல்ல நாற்காலி. என்கிட்டக் கொடுத்துடுங்க."

"இப்ப சொல்லி என்னப்பா பண்றது? ரெண்டும் ஒரே லாரியில ஏறிடுச்சே."

செங்கல்லை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அது பதிவேட்டில் இல்லை. மாலையில் அட்டவணையைப் பார்த்தால் முத்திரைக்காரர் பெயருக்கு நேராகப் பச்சைப் பொட்டு இருந்தது. பக்கத்தில் நல அலுவலர் குண்டு குண்டான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'நாற்காலி பற்றிய குறை முற்றிலும் நீங்கியது.'

வீட்டுப் படிக்கட்டில் மனைவி கேட்டாள். "நாற்காலி ஏதாவது வந்துச்சாங்க?"

"இருந்ததும் போயிடுச்சு" என்றார். மகள் கையை நீட்டினாள். காலையிலிருந்து நின்றதில் காலும் போய்விட்டிருந்ததால், அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பாவையும் தூக்கணுமா?" என்று கேட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாஜி வந்தார். இத்தனை நாள் கவுண்டருக்குப் பின்னால் தாழ்வாகத் தெரிந்த முத்திரைக்காரர் முகம் இன்று நேருக்கு நேராகத் தெரிந்தது. "என்ன தம்பி, நீயும் நிக்கறே?"

"உத்தரவுண்ணே."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரமா."

"பழகிடும்" என்றார் மாஜி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "என் ஆணை?"

"நாற்காலியை ஒப்படைக்கணும்ணே. இப்ப ஒப்படைக்க இங்க நாற்காலியே இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "நாப்பத்தொண்ணு எனக்குக் கீழதான் இருந்துச்சு" என்றார்.

மாஜி தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் தம்பி. கடிகாரத்துக்கு பேட்டரி மாத்த அதுமேல ஏறினேன். கால் முறிஞ்சிடுச்சு. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருந்தது, பயந்துட்டேன். உன் நாற்காலி சும்மா இருந்தது. மாத்திட்டேன்."

"அப்ப என் மனு?"

"மேலே போனா எண்ணைப் பார்ப்பாங்களே. என் டிராயர்லயே வச்சிருந்தேன்."

முத்திரைக்காரருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. நாலு வருடம். தூக்காமல் விட்ட நாலு வருடம் இனி திரும்பாது. நாக்கின் நுனிவரை வந்த சொல்லைத் துப்பிவிடலாம் என்று நிமிர்ந்தார். மாஜி இரண்டு கையாலும் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.  அவருக்குப் பின்னால் பதினேழு பேர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்கள்.

"இங்க ஒரு பெஞ்ச் போடச் சொல்லி முன்னே ஒரு மனு வந்துச்சு, ஞாபகமிருக்கா?" என்றார் மாஜி. "உக்கார வச்சா ஜனங்க எழுந்து போகமாட்டாங்கன்னு குறிப்பு எழுதினது நான்தான்."

"ஞாபகமிருக்குண்ணே. முத்திரை குத்தினது நான்."

 அப்போது நல அலுவலர் பச்சைப் பொட்டுகளோடு அந்தப் பக்கம் வந்தார். வரிசையை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

"இவங்கல்லாம் யாரு சார்?"

"மனு கொடுக்க வந்தவங்க."

"எவ்வளவு நேரமா நிக்கறாங்க?"

"சில பேர் வருஷக்கணக்கா."

நல அலுவலர் நெகிழ்ந்துபோனார். "நாங்க இப்பத்தான் கண்டுபிடிச்சோம். இவங்க எவ்வளவு முன்னாடியே ஆரம்பிச்சிருக்காங்க பாருங்க" என்று சொல்லி, வரிசையில் இருந்த ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு பச்சைப் பொட்டை அன்பாக ஒட்டிக்கொண்டே வந்தார். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் தம் மனைவிக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். மாஜிக்கு ஒட்டும்போது, "உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்டார்.

"முட்டி வலி உயிர் போகுது சார்."

"அப்படியா? எழுத்துல கொடுங்க, கட்டாயம் கவனிப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.

மாஜி ஒரு தாள் வாங்கி, கவுண்டர் பலகையில் வைத்து, தம் அழகான பழைய கையெழுத்தில் இரண்டே வரி எழுதி நீட்டினார். 'நான் ஓய்வுபெற்றுவிட்டேன். உட்கார விரும்புகிறேன்.'

முத்திரைக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தார். சுற்றிலும் பார்த்தார். உட்கார வைக்க ஒரு செங்கல்தான் இருந்தது. பத்தொன்பது வருடப் பழக்கத்தில் கை தானாகவே முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, மனுவின் தலையில் இறங்கிவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். நின்றுகொண்டு குத்தும்போது முத்திரை நன்றாகவே விழுகிறது.